இசட் மதிப்பு கூடினால் மூளை கூடுதலாக வேலை செய்கிறது என்று அர்த்தமா?

நிலாமுகில் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களின் கை அசைவைப் பற்றி எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் ஸ்கேன்) ஆய்வு செய்கிறேன். ஸ்கேனருக்குள் படுத்தபடி 30 நொடி வலது கை விரல்களைத் தட்ட வேண்டும், அடுத்த 30 நொடி சும்மா இருக்க வேண்டும். இதுவே மாறி மாறி வரும். எஃப்.எஸ்.எல். என்ற மென்பொருளில் ஃபீட் என்ற பகுப்பாய்வுக் கருவியை ஓட்டி, ஒவ்வொருவருக்கும் இசட்ஸ்டாட்1 கோப்பு (மூளையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இசட் மதிப்பு) எடுத்துவிட்டேன்.

அசைவை இயக்கும் இடது மோட்டார் கார்டெக்ஸில், கைக்கான பகுதியில் ஒரே வோக்சலை (படத்தின் ஒரு சிறு கனசதுரம்) பார்க்கிறேன். முதல் நோயாளிக்கு இசட் 5.7, இரண்டாமவருக்கு 3.6. முதலாமவரின் மூளை அங்கே அதிகமாக வேலை செய்கிறது என்று எழுதலாமா? அந்தப் பகுதியில் ஒவ்வொருவருக்கும் சராசரி இசட் எடுத்து, அதைக் கைப்பிடி வலிமையோடு ஒட்டுறவு பார்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. எனக்கு ஏதோ உறுத்துகிறது. ஆனால் எது தவறு என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. கல்லூரியில் படித்த இசட் என்பது அளவிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுப்பது. இங்கே யாருடைய சராசரியைக் கழிக்கிறார்கள்?


எண்கணியன் | ஞாயிறு, இரவு 10:05

உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்துகிறது. கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கல்லூரியில் படித்தது தரப்படுத்திய மதிப்பெண். ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு சராசரி, ஒரு திட்ட விலக்கம். ஒருவரின் அளவு அந்தச் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று சொல்வது அந்த இசட். வகுத்தல் கோட்டுக்குக் கீழே இருப்பது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு.

ஃபீட் தருவதில் கூட்டமே கிடையாது. ஒரே ஆள், ஒரே வோக்சல், அதன் நேரத்தொடர். நீங்கள் கொடுத்த 30 நொடிக் கட்டங்களை இரத்த ஓட்டத்தின் மந்தமான மறுமொழியோடு இணைத்து ஒரு வளைவு வரைகிறது. வோக்சலின் ஏற்ற இறக்கத்தோடு பொருந்த, அந்த வளைவை எவ்வளவால் பெருக்க வேண்டும் என்று கணிக்கிறது. அந்தப் பெருக்கெண்தான், உங்களுடையது போல ஒரே நிபந்தனை உள்ள ஆய்வில், கோப் என்ற கோப்பில் இருப்பது. வளைவு விளக்காமல் விட்ட மிச்சம் இரைச்சல். அந்த மிச்சத்தைக் கொண்டு, கோப் எந்த அளவுக்கு முன்னே பின்னே போகக்கூடும் என்று இன்னொரு கணிப்பு, அது வார்கோப். கோப் எண்ணை வார்கோப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் டி. அந்த டி-க்குரிய பி (ஒன்றுமே நடக்காதபோதும் இவ்வளவு பெரிய டி தற்செயலாக வரும் வாய்ப்பு) என்ன, அதே பி இயல்நிலைப் பரவலில் எந்த இடத்தில் வரும் என்று பார்த்தால் இசட்.

ஆகவே கழிக்கப்படுவது யாருடைய சராசரியும் அல்ல, பூஜ்யம். வகுப்பதும் திட்ட விலக்கத்தால் அல்ல, திட்டப் பிழையால். 5.7 என்றால், “இங்கே ஒன்றுமே நடக்கவில்லை” என்ற எடுகோளை இந்தத் தரவோடு சேர்த்து வைத்துக்கொள்வது மிகக் கடினம் என்று பொருள். எவ்வளவு நடந்தது என்று அந்த எண் சொல்வதில்லை.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். இருவருக்கும் ஸ்டாட்ஸ் அடைவில் கோப்1, வார்கோப்1 இரண்டையும் எஃப்.எஸ்.எல்.ஐஸ் என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்து, அதே வோக்சலில் என்ன எண் இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.


நிலாமுகில் | ஞாயிறு, இரவு 10:48

பார்த்தேன்.

முதல் நோயாளி: கோப் 120, வார்கோப் 400.
இரண்டாமவர்: கோப் 130, வார்கோப் 1225.

இரண்டாமவருக்குத்தான் கோப் அதிகம்!


எண்கணியன் | ஞாயிறு, இரவு 11:10

400-இன் வர்க்கமூலம் 20. 120-ஐ 20-ஆல் வகுத்தால் டி 6. 1225-இன் வர்க்கமூலம் 35. 130-ஐ 35-ஆல் வகுத்தால் டி 3.71. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (இரைச்சலைக் கணிக்க மிஞ்சும் சுதந்திரமான அளவுகளின் எண்ணிக்கை) 150 அளவில் இருந்தால் இந்த இரண்டும் இசட் 5.7, 3.6 என்று மாறும். உங்கள் எண்களேதான்.

ஃபீட் ஒவ்வொரு ஸ்கேனின் மொத்தச் சராசரிச் செறிவையும் 10,000 ஆக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. மாதிரி வளைவின் உயரம் 1 என்று வைத்துக்கொண்டால் கோப் 100 என்பது ஏறக்குறைய 1 சதவீத மாற்றம். எனவே முதலாமவருக்கு 1.2 சதவீதம், இரண்டாமவருக்கு 1.3 சதவீதம். சமிக்ஞை மாற்றத்தில் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது இரைச்சல் மட்டும்.

இனி உங்கள் வழிகாட்டி சொன்ன ஒட்டுறவை யோசித்துப் பாருங்கள். கைப்பிடி வலிமை குறைந்தவர்கள் ஸ்கேனருக்குள் தலையையும் சேர்த்து அசைப்பார்கள். தலை அசைந்தால் மிச்சம் பெருகும், இசட் சரியும். சராசரி இசட்டுக்கும் கைப்பிடி வலிமைக்கும் அழகான நேர்கோடு ஒன்று கிடைக்கும். அது மோட்டார் கார்டெக்ஸைப் பற்றிய செய்தியே அல்ல, தலை அசைவைப் பற்றியது.


ஸ்கேன்_சரவணன் | திங்கள், காலை 6:40

எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட் இங்கே. கணியன் சார் சொல்வதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கை பலவீனமானவர் விரலைத் தட்டச் சொன்னால் தோளையே தூக்குவார், தோளோடு தலையும் வரும். மிக மோசமான வகை எது தெரியுமா? தட்டும்போது மட்டும் அசைவது. அது இரைச்சலாகப் போய்ச் சேராமல் கோப் எண்ணுக்குள்ளேயே நுழைந்து, மூளையின் ஓரத்தில் வளையம் வளையமாகப் போலி “செயல்பாடு” காட்டும். நிலாமுகில் மேடம், ஃபீட் அறிக்கையில் அசைவு வரைபடம் இருக்கும். இரண்டாம் நோயாளியின் வரைபடத்தில் 30 நொடிக்கு ஒருமுறை படி ஏறி இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் பிரிவில் புதிதாக வருபவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: கால் கிலோ வெண்டைக்காயைக் காய்கறிக்கடைத் தராசில் நிறுத்தாலும் நகைக்கடைத் தராசில் நிறுத்தாலும் அது கால் கிலோதான். மாறுவது முள்ளை எவ்வளவு நம்பலாம் என்பது. இசட் பேசுவது தராசையும் சேர்த்து.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சதவீத மாற்றத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுவை நேராக அளப்பதில்லை, இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் அளக்கிறது. பக்கவாதக்காரர்களுக்கு இரத்தக்குழாயே பாதிக்கப்பட்டிருக்கும். மறுமொழி தாமதமாக வரலாம், உயரம் குறைந்து வரலாம். நரம்பணு ஒழுங்காக வேலை செய்தும் கோப் சின்னதாக வந்து நிற்கும். காலையில் குடித்த காபி கூட மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், அதனால் இந்தச் சமிக்ஞை மாறும்.


நிலாமுகில் | திங்கள், காலை 8:15

சரவணன் அண்ணா, பார்த்துவிட்டேன். இரண்டாமவருக்கு அசைவு உண்டு, ஆனால் தட்டும் கட்டங்களோடு ஒத்துப்போகவில்லை, கண்டபடி வருகிறது. தாமதத்தைப் பிடிக்க டெம்பொரல் டெரிவேட்டிவ் (மாதிரி வளைவு சற்று முன்பின் நகர இடம்தரும் துணை வளைவு) சேர்த்திருக்கிறேன். அது போதுமா?


ஸ்கேன்_சரவணன் | திங்கள், காலை 8:31

ஒரு நொடி அளவுத் தாமதத்துக்குத் தாங்கும். அதற்கு மேல் போனால் தாங்காது. பாதிக்கப்பட்ட பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்காவது சராசரி நேரத்தொடரை வரைந்து, மாதிரி வளைவோடு மேலே மேலே வைத்துக் கண்ணால் பாருங்கள். எந்த மென்பொருளும் இதற்கு ஈடு இல்லை.


மீனா_வகைப்படுத்தி | திங்கள், காலை 11:20

எல்லோரும் சேர்ந்து இசட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன்.

நான் செய்வது வோக்சல் வடிவங்களை வைத்துக் கணினிக்கு வகை பிரிக்கக் கற்றுக்கொடுப்பது. அங்கே பீட்டாவை (கணியன் சொன்ன பெருக்கெண்) விட டி மதிப்பைக் கொடுத்தால் நன்றாகப் பிரிக்கிறது. 2010-இல் மிசாகி, கிம், பண்டெட்டினி, கிரீகஸ்கோர்ட்டே நால்வரும் நியூரோஇமேஜில் இதை ஒப்பிட்டே காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. பெரிய சிரை ஓடும் வோக்சலில் பீட்டாவும் பெரிதாக இருக்கும், இரைச்சலும் பெரிதாக இருக்கும். இரைச்சலால் வகுத்தால் அந்த வோக்சலின் குரல் அடங்குகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

எனவே “இசட்டை எங்குமே பயன்படுத்தாதே” என்று யாராவது விதி போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.


எண்கணியன் | திங்கள், பகல் 1:02

மீனா, அதில் சண்டையே இல்லை. உங்கள் கேள்வி “இந்த ஆளின் மூளையில் எந்த வோக்சலை நம்பி முடிவெடுக்கலாம்?” என்பது. அதற்கு இரைச்சலால் வகுப்பதே நியாயம். நிலாமுகிலின் கேள்வி “இவருக்கும் அவருக்கும் எவ்வளவு வித்தியாசம்?” என்பது. அங்கே ஒவ்வொருவரையும் அவரவர் இரைச்சலால் வகுத்துவிட்டு ஒப்பிட்டால், ஒவ்வொருவரையும் வேறு வேறு அலகில் அளந்தது போலாகிவிடும்.

இதே ஆபத்து இன்னொரு வாசல் வழியாகவும் வரும். சிலர் பகுப்பாய்வுக்கு முன்பே ஒவ்வொரு வோக்சலின் நேரத்தொடரையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று தரப்படுத்திவிடுகிறார்கள். ஒரே ஒரு ரெக்ரஸர் (மாதிரி வளைவு) இருந்து அதையும் தரப்படுத்தியிருந்தால், அப்போது கிடைக்கும் பீட்டா வெறும் ஒட்டுறவுக் கெழுதான். வீச்சு பற்றிய தகவல் போயே போய்விட்டது. பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

குழு ஆய்வுக்கும் இதே நியாயம்தான். ஃபீட்டின் இரண்டாம் நிலை, ஃபிளேம், ஒவ்வொருவரிடமிருந்தும் கோப், வார்கோப் இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. இரைச்சல் அதிகமானவருக்கு எடையைக் குறைத்துக்கொள்கிறது. ராண்டமைஸ் என்ற இன்னொரு குழு ஆய்வுக் கருவியை ஓட்டுவதானால் கோப்களை அடுக்கிக் கொடுக்க வேண்டும். இசட்ஸ்டாட்களை அடுக்கிக் கொடுத்தாலும் அது முணுமுணுக்காமல் ஓடும், அதுதான் பிரச்சினை. 2017-இல் சென், டெய்லர், காக்ஸ் மூவரும், புள்ளியியல் மதிப்பு மட்டும் போதுமா என்று கேட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் காக்ஸ் என்பவர் ஏ.எஃப்.என்.ஐ. மென்பொருளை எழுதியவர். மென்பொருள்காரர்களே கெஞ்சும் நிலை.


வடகரை_இளங்கோ | திங்கள், மாலை 5:44

குறுக்கே வருகிறேன். எஸ்.பி.எம். என்ற இன்னொரு மூளைப்பட மென்பொருளைப் பயன்படுத்துபவன். எங்கள் அட்டவணையில் டி ஒரு பத்தி, இசட் ஒரு பத்தி, இரண்டுமே வரும். டி 4.3 என்று கட்டுரையில் போட்டால் ஒருவர் இசட் கேட்கிறார், இசட் போட்டால் இன்னொருவர் டி கேட்கிறார். டி-யை ஏன்தான் இசட்டாக மாற்ற வேண்டும்?


எண்கணியன் | திங்கள், மாலை 6:20

டி தனியாக நின்றால் அதன் பெறுமதி தெரியாது. எத்தனை பேர் என்று சேர்த்துச் சொன்னால்தான் தெரியும். ஒருபக்கப் பி 0.001 வேண்டுமென்றால், 10 பேர் உள்ள ஒரு குழு ஆய்வில் டி 4.30 வர வேண்டும். 20 பேர் என்றால் 3.58 போதும். 30 பேர் என்றால் 3.40. மூன்றுமே இசட்டில் 3.09. ஆள் எண்ணிக்கையால் வரும் அந்த வால் தடிமனைக் கழித்துவிட்டுப் பேசலாம் என்பதற்காகவே இசட். முதல் நிலையில் 150 படிமங்களுக்கு மேல் இருக்கும்போது டி-யும் இசட்டும் அருகருகே வந்துவிடும். உச்சியில் மட்டும் கொஞ்சம் விலகும்.

இதை வைத்து “அப்படியானால் இசட்டில் ஆள் எண்ணிக்கையின் பாதிப்பு இல்லை” என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். வால் தடிமன் மட்டும்தான் போகிறது. விளைவின் அளவு திட்ட விலக்கத்தில் பாதி என்று வையுங்கள். 16 பேரில் டி 2 வரும், 64 பேரில் 4 வரும், 100 பேரில் 5 வரும். மூளை அதேதான், விளைவும் அதேதான். ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த அற்பமான விளைவும் ஒருநாள் வழக்கமான எல்லையான இசட் 3.1-ஐத் தாண்டும்.

எஸ்.பி.எம். அட்டவணையில் சில நேரம் இசட் பத்தியில் “இன்ஃப்” என்று வந்து நிற்குமே, அது அபார வெற்றி அல்ல. பி மிகச் சிறிதாகி, இசட்டாக மாற்றும் கணக்கு அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அங்கே டி-யைப் போட்டுவிடுங்கள்.


காவிரிக்கரை_ரகு | திங்கள், இரவு 8:03

மன்னிக்கவும், நான் இந்தத் துறைக்காரன் இல்லை. தேடியபோது இந்த இழை கிடைத்தது. அப்பாவுக்கு 71 வயது. மறதி அதிகமாகிறது என்று மூளைக்கு எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையில் பகுதிவாரியாக இசட் ஸ்கோர் அட்டவணை இருக்கிறது. பின்புற சிங்குலேட் என்ற இடத்தில் 2.8. பிளஸ்தானே, நல்லதுதானே என்று வீட்டில் சொல்கிறார்கள். அம்மாவின் எலும்பு ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.6 என்று வந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். நீங்கள் பேசும் டி, இசட் இதுதானா?


எண்கணியன் | திங்கள், இரவு 8:40

ரகு சார், தாராளமாகக் கேளுங்கள். நிலாமுகிலின் முதல் கேள்விக்கு உங்கள் அறிக்கைகளே நல்ல விளக்கம்.

அம்மாவின் டி ஸ்கோருக்கும் நாங்கள் பேசும் டி-க்கும் உறவில்லை. எலும்பு ஸ்கேனில் டி ஸ்கோர் என்பது இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அதே ஸ்கேனில் இசட் ஸ்கோர் என்பது அதே வயதினரோடு ஒப்பிடுவது. இரண்டுமே தரப்படுத்திய மதிப்பெண்கள்தான்.

அப்பாவின் இசட்டும் அந்த வகைதான். நலமானவர்களின் ஸ்கேன்கள் ஒரு தொகுப்பாக மென்பொருளில் இருக்கும். அவர்களின் சராசரி, திட்ட விலக்கத்தோடு அப்பாவின் குளுக்கோஸ் பயன்பாட்டை இடம் இடமாக ஒப்பிடுவார்கள். ஆனால் ஒரு விஷயம் மிக முக்கியம்: பிளஸ், மைனஸ் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் நலமானவர்களின் சராசரியிலிருந்து நோயாளியின் அளவைக் கழிப்பார்கள். அங்கே பிளஸ் 2.8 என்பது குறைவைக் குறிக்கும். எனவே “பிளஸ், நல்லது” என்று வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். “மைனஸ்தான் கெட்டது” என்றும் வேண்டாம்.

மருத்துவரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள். இந்த அறிக்கையில் பிளஸ் என்பது கூடுதலா, குறைவா? எந்தப் பகுதியை அடிப்படையாக வைத்து அளவைச் சமப்படுத்தினார்கள்? (பான்ஸ், சிறுமூளை, மொத்த மூளை என்று பல வழக்கம் உண்டு. அதை மாற்றினால் இசட்டும் மாறும்.) ஒப்பிட்ட நலமானவர்கள் அப்பாவின் வயதை ஒட்டியவர்களா?

அட்டவணையில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். நலமானவர்களிலேயே 100-க்கு 2 பேர் ஒரு பகுதியில் 2 திட்ட விலக்கத்துக்கும் கீழே இருப்பார்கள். பல பகுதிகளைப் பட்டியலிட்டால் யாருக்கும் ஏதாவது ஒன்று அப்படி வரும். மருத்துவர்கள் பார்ப்பது தனி எண்ணை அல்ல, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து குறைகின்றன என்ற வடிவத்தை. அதையும் அப்பாவின் நினைவுப் பரிசோதனையையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.


காவிரிக்கரை_ரகு | திங்கள், இரவு 9:15

ரொம்ப நன்றி சார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப்போகிறேன்.


மீனா_வகைப்படுத்தி | திங்கள், இரவு 9:50

கணியன் சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. நலமானவர்களின் தொகுப்பு சிறியதாக இருந்தால் இசட் மிகைப்படுத்தும். ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் கனஅளவு நலமான 10 பேருக்குச் சராசரி 3500 கன மில்லிமீட்டர், திட்ட விலக்கம் 300 என்று வையுங்கள். நோயாளிக்கு 2900. இசட் மைனஸ் 2, பி 0.023. ஆனால் 10 பேரை வைத்துக் கண்ட சராசரியும் விலக்கமுமே கணிப்புகள்தானே? க்ராஃபோர்டும் ஹோவலும் 1998-இல் தந்த திருத்தப்படி, திட்ட விலக்கத்தை 1.1-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, 9 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் கொண்ட டி-யாகப் பார்த்தால் மைனஸ் 1.91, பி 0.044. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே நோயாளியைக் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.


வடகரை_இளங்கோ | செவ்வாய், காலை 7:30

இந்த “100-க்கு 2” கதைதானே செத்த மீன் கதை?


எண்கணியன் | செவ்வாய், காலை 9:05

அதேதான். தெரியாதவர்களுக்காக: 2009-இல் பென்னட்டும் கூட்டாளிகளும் செத்துப்போன ஓர் அட்லாண்டிக் சால்மனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் உள்ளவர் என்ன உணர்கிறார் என்று அதனிடம் “கேட்டார்கள்”. திருத்தம் எதுவும் இல்லாமல் பி 0.001 என்று வெட்டியபோது (பி அதற்கும் கீழே உள்ள வோக்சல்களை மட்டும் வைத்துக்கொண்டபோது) 8064 வோக்சல்களில் 16 “செயல்பட்டன”. அவற்றில் சில மூளைக்குள்ளேயே ஒரு கொத்தாக நின்றன. பன்மை ஒப்பீட்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வோக்சல்களைச் சோதிப்பதற்கு, திருத்தியதும் எல்லாம் மறைந்துவிட்டன. 2012-இல் இதற்கு இக் நோபல் பரிசும் (சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கானது) கிடைத்தது.

மனித மூளைக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். எம்.என்.ஐ. என்ற பொது மூளை வரைபடத்தின் 2 மில்லிமீட்டர் வார்ப்பில் மூளைக்குள் ஏறக்குறைய 2,28,000 வோக்சல்கள். இசட் 3.1 என்று வெட்டினால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் 220-க்கு மேல் வோக்சல்கள் தற்செயலாகத் தாண்டும். ஒவ்வொரு வோக்சலுக்கும் போன்ஃபெரோனி திருத்தம் (பி-யின் எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது) போட்டால் இசட் 5-க்கு மேல் வேண்டும். அது மிகக் கடுமை, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து வோக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எனவேதான் கொத்து அளவில் திருத்துவது: முதலில் ஓர் இசட்டில் வெட்டி, மிஞ்சும் கொத்து தற்செயலில் வரக்கூடியதை விடப் பெரிதா என்று பார்ப்பது.

அந்த முதல் வெட்டு எங்கே என்பதில்தான் வம்பு. ஃபீட்டில் நெடுநாள் 2.3 இருந்தது, அதாவது பி 0.01. 2016-இல் எக்லுண்ட், நிக்கல்ஸ், நுட்சன் மூவரும் 499 நலமானவர்களின் ஓய்வுநிலைத் தரவை எடுத்து, இல்லாத பணிகளை இருப்பதாகப் பாவித்து, சுமார் 30 லட்சம் குழு ஆய்வுகளைக் கணினியில் ஓட்டினார்கள். 5 சதவீதம் வர வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு, கொத்து அளவில் சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. வெட்டு தளர்வாக இருந்தால் மோசம், இறுக்கினால் பெருமளவு சரியாகிறது. அதன் பிறகு ஃபீட்டில் இயல்பு வெட்டு 3.1 ஆயிற்று. “40,000 ஆய்வுகள் குப்பை” என்று செய்தித்தாள்களில் வந்ததே, அந்த எண்ணிக்கையை ஆசிரியர்களே பின்னால் திருத்தினார்கள். நிக்கல்ஸின் மதிப்பீட்டில் அது 3,500 அளவுக்கு இறங்கியது. அந்தத் திருத்தம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எனவே நிலாமுகில், பழைய ஃபீட் அமைப்புக் கோப்பை யாரிடமாவது வாங்கி ஓட்டுகிறீர்கள் என்றால் உள்ளே 2.3 உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.


ஸ்கேன்_சரவணன் | செவ்வாய், மதியம் 2:25

வெட்டு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும். மூளைக்கட்டி அறுவைக்கு முன்னால் பேச்சுப் பகுதி எங்கே என்று எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்துத் தருகிறோம். அங்கே ஒரே ஆள்தான், கொத்துத் திருத்தம் பற்றியெல்லாம் யாரும் கேட்பதில்லை. திரையில் இசட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். 4-இல் வைத்தால் இடது பக்கம் மட்டும் எரியும். 2.5-க்கு இறக்கினால் வலதும் எரியும். இடமா வலமா என்று சொல்லும் விகிதமே வெட்டைப் பொறுத்து மாறிப்போகும்.

ஆராய்ச்சியில் பொய்யாகக் கண்டுபிடிப்பது பெரிய பாவம். அறுவைக்கூடத்தில் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம். இசட் 3.1-ஐத் தாண்டாத இடம் கத்தி வைப்பதற்குப் பாதுகாப்பான இடம் என்று அர்த்தமே இல்லை. கட்டியைச் சுற்றி இரத்தக்குழாய்கள் ஒழுங்காக மறுமொழி தராது, சமிக்ஞை மங்கிப்போகும். சந்தேகமான இடத்தில், நோயாளியை விழித்திருக்க வைத்து மின்தூண்டலில் சோதித்துப் பார்ப்பார்கள்.


நிலாமுகில் | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் அந்த இரண்டு நோயாளிகளின் கோப், வார்கோப் எண்களைக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “சதவீத மாற்றமே எடு” என்றார்.

மீதி ஒரு சந்தேகம். இதே ஆட்களுக்கு, எந்தப் பணியும் தராமல் சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஓய்வுநிலை ஸ்கேனும் இருக்கிறது. இரண்டு மோட்டார் கார்டெக்ஸுக்கும் இடையே ஒட்டுறவு எடுத்தால் மென்பொருள் “இசட் வரைபடம்” என்று ஒன்று தருகிறது. அதில் எண்கள் 0.2, 0.3 என்றுதான் இருக்கின்றன. இதையும் 3.1-இல் வெட்ட வேண்டுமா? அப்படி வெட்டினால் ஒன்றுமே மிஞ்சாது.


எண்கணியன் | செவ்வாய், இரவு 10:30

வெட்டவே கூடாது. அது மூன்றாவது வகை, ஃபிஷர் இசட். ஒட்டுறவுக் கெழு 1-க்கு மேல் போகாது. 1-ஐ நெருங்க நெருங்க அதன் பரவல் நசுங்கிப்போகும். அதை நீட்டி இயல்நிலைப் பரவலுக்கு அருகே கொண்டுவரும் உருமாற்றம் மட்டும்தான் இது. கீழே எதுவும் வகுக்கவில்லை. ஒட்டுறவு 0.30 என்றால் ஃபிஷர் இசட் 0.31.

200 நேரப்புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 197-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 4.3 என்று நீங்கள் பழகிய இசட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் அடுத்தடுத்த புள்ளிகள் சார்ந்தே இருக்கும், அதுவும் வடிகட்டிய பிறகு இன்னும் அதிகம். அந்த 4.3 ஊதிப்பெருத்த எண். எனவே ஆட்களுக்கிடையே ஒப்பிட ஃபிஷர் இசட்டை அப்படியே குழு ஆய்வுக்குக் கொண்டுபோங்கள், போதும். இங்கே அது விளைவின் அளவு போலத்தான் நடந்துகொள்ளும். அதற்காகத் தலை அசைவு இதில் இல்லை என்று நினைக்க வேண்டாம், ஓய்வுநிலையில் அதன் சேட்டை இன்னும் அதிகம். ஒருமுறை ஒரு மதிப்பீட்டாளர் “இசட் 0.31, இது 1.96-ஐத் தாண்டவில்லையே” என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பதில் எழுத ஒரு பக்கம் ஆயிற்று.

டூவல் ரெக்ரஷன் (குழுவின் மூளை வலையமைப்புகளை ஒவ்வொருவரிடமும் கணிக்கும் முறை) ஓட்டினால் இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கோப்பு வரும், ஒன்றின் பெயர் இசட் என்று முடியும். குழுவுக்குப் போக வேண்டியது இசட் இல்லாதது.


மீனா_வகைப்படுத்தி | செவ்வாய், இரவு 11:02

நிலா, சதவீதம் எடுக்கும்போது எந்த வோக்சல்களில் எடுக்கப்போகிறீர்கள்? “இசட் 3.1-ஐத் தாண்டியவற்றில் மட்டும்” என்று ஒவ்வொருவரின் தரவிலேயே தேர்ந்து, அதே தரவில் சராசரி எடுத்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். தற்செயலாக உயர்ந்தவையும் உள்ளே வரும், சராசரி ஊதும். 2009-இல் வுல் எழுதிய கட்டுரை கிளப்பிய சண்டையே இதுதான். அட்லஸிலிருந்து (மூளைப் பகுதிகளின் ஆயத்த வரைபடம்) பகுதியை எடுங்கள், அல்லது பாதி ஸ்கேனில் தேர்ந்து மீதிப் பாதியில் அளவிடுங்கள்.


நிலாமுகில் | புதன், காலை 7:50

அட்லஸ்தான் எடுக்கிறேன் அக்கா. ஆனால் புண் உள்ள வோக்சல்களை ஒவ்வொருவருக்கும் முகமூடி போட்டு விலக்க வேண்டும், சரவணன் அண்ணா சொன்ன நேரத்தொடர்ப் படங்களையும் வரைய வேண்டும். படத்தில் மட்டும் எதைக் காட்டுவது? பத்திரிகைகள் எல்லாம் வெட்டிய இசட் படத்தைத்தானே எதிர்பார்க்கின்றன?


எண்கணியன் | புதன், காலை 9:15

நிறத்துக்குச் சதவீத மாற்றத்தைக் கொடுங்கள், ஒளிபுகும் தன்மைக்கு இசட்டைக் கொடுங்கள். இசட் குறைந்த இடங்கள் மங்கலாகத் தெரியும், ஆனால் காணாமல் போகாது. 3.1-ஐத் தாண்டியவற்றைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டால் பத்திரிகைக்காரர்களும் திருப்தி. 2012-இலேயே ஆலன், எர்ஹார்ட், கால்ஹூன் மூவரும் நியூரான் இதழில் இப்படிக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

எஃப்.எஸ்.எல்.ஐஸின் புதிய பதிப்புகளில் கோப் படத்தை ஏற்றி, அமைப்புப் பலகத்தில் ஆல்பாவை (ஒளிபுகும் தன்மை) இன்னொரு படத்தால் கட்டுப்படுத்தும் தேர்வு இருக்கிறது, அங்கே இசட்ஸ்டாட்டைக் காட்டுங்கள். எல்லா நோயாளிகளுக்கும் நிற அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும், மென்பொருள் தானாக வைப்பதை அப்படியே ஏற்காதீர்கள். அட்டவணையில் கோப், திட்டப் பிழை, இசட் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி.